180/55 பின்டயர், வருஷத்துக்கு நாலு ட்ராக் டே: எந்த வகை டயர், எவ்வளவு காத்து?

நீலச்சங்கிலி:

வணக்கம் நண்பர்களே. நடுத்தர ஸ்போர்ட் பைக், 95 குதிரைசக்தி. முன்னாடி 120/70 இசட்ஆர் 17, பின்னாடி 180/55 இசட்ஆர் 17, பின் ரிம் அகலம் 5.5 இன்ச். வண்டியோடு வந்த டயர் 9,000 கிலோமீட்டரில் முடிஞ்சுபோச்சு. பின்டயர் நடுவுல தட்டையாகி, சாய்க்கும்போது ஒரு வரம்பு மேல ஏறி இறங்குற மாதிரி இருக்கு. முன்டயர்ல இன்னும் பாதிக்கு மேல ரப்பர் இருக்கு.

தினமும் 30 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வரணும், மழைன்னாலும். மாசத்துல ரெண்டு ஞாயிறு மலைப்பாதை. வருஷத்துக்கு நாலு ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டுற நாள்), ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷ செஷன் அஞ்சு. நடுத்தர வேகக் குழு.

சந்தேகம் நாலு:

1. ஸ்போர்ட் டூரிங் டயரா, ஹைப்பர்ஸ்போர்ட்டா, இல்ல சூப்பர்கோர்ஸா மாதிரி ட்ராக் டயரேவா?
2. பின்னாடி 190/55 போட்டா நல்லா திரும்பும்னு சொல்றாங்க. போடலாமா?
3. கையேட்டில் முன் 36, பின் 42 பிஎஸ்ஐ. ட்ராக்கில் பின்டயருக்கு 26 வைக்கச் சொல்றவங்களும் இருக்காங்க. எது சரி?
4. டயர் வார்மர் (ஓட்டுறதுக்கு முன்னாடி டயரைச் சூடாக்குற மின்போர்வை) தேவையா?

---

ரிம்17:

மாடல் பேர் அப்புறம் பார்ப்போம், முதல்ல வகை. ரப்பர் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குள்ளதான் ரோட்டைப் பிடிக்கும். அதுக்குக் கீழே இருந்தா விறைச்சுக்கிட்டு வழுக்கும், மேலே போனா குழைஞ்சு வழுக்கும். ஒவ்வொரு வகை டயருக்கும் இந்தச் சூட்டு எல்லை வேற. உங்க வேலைக்குப் போற பாதையில டயர் எவ்வளவு சூடாகும், ட்ராக்கில் எவ்வளவு சூடாகும்னு ரெண்டையும் வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

ஸ்போர்ட் டூரிங்னா மிஷலின் ரோடு 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, பிரிட்ஜ்ஸ்டோன் டி32 மாதிரி. சிலிக்கா நிறைய கலந்த ரப்பர், ஆழமான வெட்டு (தண்ணி வெளியேற டயரில் இருக்கிற பள்ளம்). குளிர்ந்த காலையிலும் மழையிலும் கிளம்பின கொஞ்ச தூரத்துலேயே நம்பலாம். ட்ராக்கில்தான் சிக்கல். வெட்டு ஆழமா இருக்கிறதால அதுக்கு நடுவுல நிக்கிற ரப்பர் கட்டி ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு ஆக்சிலேட்டர் முறுக்குக்கும் அசையுது. அசைய அசைய சூடு ஏறுது. செஷனின் பின்பாதியில், கார்னரை விட்டு வெளியே வர்றப்போ பின்டயர் நழுவ ஆரம்பிக்கும். மெதுவான குழுவுக்கு இதுவே போதும். நடுத்தரக் குழுவில் வேகம் கூடக் கூட இதோட எல்லை சீக்கிரம் வந்துரும்.

ஹைப்பர்ஸ்போர்ட்: பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்23, பிரெல்லி டியாப்லோ ரோஸோ 4, மிஷலின் பவர் 6, மெட்ஸ்லர் எம்9ஆர்ஆர், கான்டினென்டல் ஸ்போர்ட்அட்டாக் 4, டன்லப் ஸ்போர்ட்ஸ்மார்ட் மார்க் 3. உங்களுக்கு இதுதான், தயங்கவே வேண்டாம். பின்டயரில் நடுப்பகுதிக்குக் கெட்டியான ரப்பர், ஓரத்துக்கு மென்மையான ரப்பர். தினசரி ஓட்டத்தை நடுப்பகுதி தாங்கும், ட்ராக்கில் ஓரம் வேலை செய்யும். கடைசி ஓரத்தில் வெட்டே இருக்காது, அதனால அங்கே ரப்பர் அசையாது. மழைத்தண்ணியை வெளியே தள்ள நடுவில் போதுமான வெட்டு இருக்கு.

அதுக்கு மேல ஒரு படி ரோஸோ 4 கோர்ஸா, பவர் ஜிபி2, ஸ்போர்ட்ஸ்மார்ட் டிடி. மாசம் ஒரு ட்ராக் டே போய், மழையில வண்டியை எடுக்காதவங்களுக்குப் பொருந்தும். இன்னும் மேல சூப்பர்கோர்ஸா எஸ்பி, ஆர்எஸ்11, பவர் கப் 2. இவையும் ரோட்டுக்கு அனுமதி உள்ளவைதான், ஆனா வெட்டு ரொம்பக் குறைவு. மழைக்காலத்துல காலை எட்டு மணிக்கு, ஈர ரோட்டில், சிக்னல் சிக்னலா நின்னு போற டயருக்குச் சூடு எங்கேயிருந்து வரும்? அந்த நிலையில ஸ்போர்ட் டூரிங் டயர் இதைவிடப் பல மடங்கு பத்திரம். ஸ்லிக்கை (வெட்டே இல்லாத ரேஸ் டயர்) ரோட்டில் போடவே கூடாது. தண்ணி வெளியேற வழி கிடையாது, தேவையான சூட்டுக்கும் ரோட்டில் அது வராது.

முன்டயர்ல பாதி இருக்குன்னு சொல்றீங்க. அதை வச்சுக்கிட்டுப் பின்டயரை மட்டும் மாத்துறது செலவைக் குறைக்கும், ஆனா உங்க விஷயத்தில் வேண்டாம். புதுப் பின்டயர் உருண்டையா, உயரமா இருக்கும். பழைய முன்டயர் ரெண்டு பக்கமும் தேஞ்சு முக்கோணமா இருக்கும். வண்டி சாயுற வேகம் முன்னும் பின்னும் ஒத்துப்போகாது. ஒரே மாடலில் ஜோடியா மாத்துங்க.

வாங்கும்போது பக்கவாட்டு எழுத்தைப் படிங்க. பின்டயரில் 73 என்பது சுமை எண்: 365 கிலோ தாங்கும். முன்டயரில் 58, அதாவது 236 கிலோ. இசட்ஆர் டயரில் டபிள்யூ எழுத்து அடைப்புக்குறிக்குள்ள இருந்தா மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேலேயும் தாங்கும்னு அர்த்தம். கையேட்டில் சொன்ன எண்ணைவிடக் குறைஞ்சதை வாங்காதீங்க. டிஓடின்னு தொடங்குற வரிசையின் கடைசி நாலு இலக்கம் டயர் செஞ்ச வாரமும் வருஷமும்: 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். முன்னும் பின்னும் ஒரே வாரமா இருக்கணும்னு இல்லை. ஆனா பல வருஷம் வெயில்பட்ட அலமாரியில கிடந்த டயரை, தள்ளுபடின்னாலும் எடுக்காதீங்க.

---

காத்துமீட்டர்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் டயர் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் காற்றை ஊகத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல டயரைத் தப்பான காற்றில் ஓட்டுவதைவிட, ஒரு படி குறைந்த டயரைச் சரியான காற்றில் ஓட்டுவது மேல்.

முதலில் கணக்கு. காலை 25 டிகிரியில் பின்டயரில் 30 பிஎஸ்ஐ வைக்கிறீர்கள். மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டும். உண்மையான அழுத்தம் 30 + 14.7 = 44.7. செஷன் முடிந்து வரும்போது டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரி ஆகியிருந்தால், கெல்வினில் 298 என்பது 333 ஆகிறது. 44.7 × 333 ÷ 298 = 49.9. அதில் 14.7 கழித்தால் மீட்டரில் சுமார் 35. உள்காற்று 80 டிகிரிக்குப் போயிருந்தால் 38 காட்டும். ஆக, 10 டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ.

இதே கணக்கில் கையேட்டின் 42 பிஎஸ்ஐயோடு ட்ராக்கில் இறங்கினால் 60 டிகிரியில் 48 தாண்டும். டயர் பந்து மாதிரி விறைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். 26 வைத்தால் எதிர்ப்பக்கத் தவறு: ரோட்டு டயரின் உடல் அவ்வளவு குறைந்த காற்றில் அளவுக்கு மீறி வளைந்து நெளியும், நெளிவதாலேயே சூடு கிளம்பும், வண்டி திசை மாறும்போது பின்பக்கம் மிதக்கும். அந்த 26 ஸ்லிக் போட்டவர்கள் சொல்லும் எண். ஸ்லிக்கின் உள்கட்டு வேறு. மோட்டோஜிபி பைக் ரேஸில் முன்டயருக்கான குறைந்தபட்ச அளவு 2023இல் 1.88 பாராக இருந்து 2024இல் 1.80 பாராக ஆனது, அதாவது சுமார் 26 பிஎஸ்ஐ. அதுவும் ஓடும்போது, சூட்டில் அளந்தது. அந்த எண்ணை எடுத்து ரோட்டு டயரில் குளிர்ந்த நிலையில் வைத்தால் கணக்கு எங்கேயும் ஒட்டாது.

செய்ய வேண்டியது இது. டயர் கம்பெனி அந்த மாடலுக்கு ட்ராக் அளவு கொடுத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கொடுக்காவிட்டால் ஹைப்பர்ஸ்போர்ட் டயருக்குக் குளிர்ந்த நிலையில் முன் 32, பின் 30. குளிர்ந்த நிலை என்றால் வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், நிழலில். வெயில் ஒரே டயரில் விழுந்துகொண்டிருந்தால் அளவு அங்கேயே பொய்யாகிவிடும். முதல் செஷன் முடிந்து ஸ்டாண்டில் ஏற்றியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் பேசிவிட்டு அளந்தால் அது வேறு எண்.

4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரியாகப் போகிறது. 8க்கு மேல் ஏறியிருந்தால் டயர் அதிகமாக நெளிந்து சூடாகியிருக்கிறது. அடுத்த முறை குளிர்ந்த அளவை ஒன்று கூட்டுங்கள், காற்றை இறக்காதீர்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: சூட்டில் 38 பார்த்துப் பயந்து 3 பிஎஸ்ஐ வெளியே விடுகிறார்கள், டயர் இன்னும் நெளிகிறது, இன்னும் சூடாகிறது. 2 பிஎஸ்ஐ மட்டுமே ஏறியிருந்தால் காற்று அதிகம், அல்லது வேகம் இன்னும் வரவில்லை. ஒரு தடவைக்கு ஒரு பிஎஸ்ஐதான் மாற்ற வேண்டும், முன்னையும் பின்னையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது.

ஒரு சின்ன நோட்டில் நேரம், தரை வெயிலா நிழலா, குளிர்ந்த அளவு, சூடான அளவு நான்கையும் எழுதுங்கள். மீட்டர் ஒன்றே ஒன்று, எப்போதும் அதே மீட்டர். பெட்ரோல் பங்க் மீட்டர் பலர் கையில் அடிபட்டது, அதை நம்பி ட்ராக்குக்குக் காற்று வைக்க முடியாது. வால்வ் மூடியில் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள். அதிவேகத்தில் வால்வ் ஊசி வெளிப்பக்கமாக இழுபடும். அப்போது காற்றைப் பிடித்து நிறுத்தும் கடைசிக் காவல் அந்த வாஷர்தான்.

மாலையில் வீட்டுக்கு ஓட்டிப் போவதாக இருந்தால், பேடாக்கை (ட்ராக்கில் வண்டிகளை நிறுத்தும் இடம்) விட்டுக் கிளம்பும் முன் ரோட்டு அளவுக்கு ஏற்றிவிடுங்கள். டயர் இன்னும் சூடாக இருந்தால் கையேட்டு எண்ணைவிட 3, 4 பிஎஸ்ஐ கூடவே வைத்து, மறுநாள் காலை குளிர்ந்தபின் சரிசெய்துகொள்ளலாம். 30 பிஎஸ்ஐயோடு ஒரு பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும்.

---

பேடாக்பக்கம்:

190/55 பற்றி. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், ரெண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம்ங்கிறது. கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 180இல் 55 சதவீதம் 99 மில்லிமீட்டர், 190இல் 55 சதவீதம் 104.5. பின்பக்கம் அஞ்சரை மில்லிமீட்டர் தூக்கும், முன்ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகும், வண்டி சுறுசுறுப்பாத் திரும்புற மாதிரி தெரியும். "நல்லா திரும்பும்"னு சொல்றாங்களே, அதுக்குக் காரணம் இந்த உயரம்தான், அகலம் இல்ல. அகலத்தால கிடைக்கிறது என்னன்னா, 190/55 நல்லா உட்காருறது 6 இன்ச் ரிம்மில். 5.5இல் ஏத்தினா ரெண்டு பக்கமும் உள்ள இழுத்துக் கூம்பு மாதிரி ஆகும். கடைசி ஓர ரப்பர் தரையையே தொடாது. சுற்றளவு 1.7 சதவீதம் கூடுறதால ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு (பின்வீல் வழுக்கிச் சுத்தாம தடுக்கிற கருவி) முன்வீல், பின்வீல் வேகக் கணக்கும் கொஞ்சம் மாறும். செயின் பக்கம் இடைவெளியும் குறையும். 180/55லேயே இருங்க. உயரம் வேணும்னா சில ட்ராக் மாடல்கள் 180/60 அளவில் வருது, அது 5.5 ரிம்முக்குப் பொருந்தும். ஆனா அதையும் சஸ்பென்ஷன் அளவு ஒரு தடவை சரி பண்ணின பிறகுதான் யோசிக்கணும்.

வார்மர் வேண்டாம். ஸ்லிக்குக்கும் ரேஸ் ரப்பருக்கும்தான் அது அவசியம். ஹைப்பர்ஸ்போர்ட் டயர் ரெண்டு, மூணு சுத்துல தானாச் சூடேறும். ஆனா அந்த ரெண்டு சுத்தை எப்படி ஓட்டுறீங்கங்கிறது முக்கியம். பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போறதால சூடு பெரிசா ஏறாது. நேர்ப்பாதையில வண்டி நிமிர்ந்து நிக்கும்போது அழுத்தமா பிரேக், அப்புறம் அழுத்தமா ஆக்சிலேட்டர். டயரின் உடல் நசுங்கி விரியுறப்போதான் உள்ளேயிருந்து சூடு வரும்.

இதில் பலர் மறக்கிற விஷயம், டயரோட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடாகாது. வலது கார்னர் நிறைய இருக்கிற ட்ராக்கில் இடது ஓரம் குளிர்ந்தே கிடக்கும். எதிர்ப்பக்க உதாரணமா, ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங் ரேஸ் ட்ராக்கில் மொத்தம் 13 கார்னர், அதில் 10 இடது. வரிசையா இடது பக்கமே சாய்ஞ்சு வந்த பிறகு 11ஆவதா ஒரு வேகமான வலது, இறக்கத்தில். உலகத்தின் தேர்ந்த ரைடர்களே அங்கே முன்டயர் வழுக்கி விழுந்திருக்காங்க. உங்க ட்ராக்கில் எந்தக் கார்னர் ரொம்ப நேரம் கழிச்சு எதிர்ப்பக்கமா வருதுன்னு முதல் செஷனுக்கு முன்னாடியே வரைபடத்தில் குறிச்சு வச்சுக்கங்க. ஒவ்வொரு செஷனிலும், மதிய இடைவேளைக்குப் பிறகு குறிப்பா, அங்கே மட்டும் பொறுமையா.

ரிம்17 சொன்னதோட ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுறேன். ரெண்டாவது ஜோடி வீல் கைக்குக் கிடைச்சா, அதில் ட்ராக் டயரைப் போட்டு வச்சுக்கிறதுதான் சிறந்த வழி.

---

ரிம்17:

ரெண்டாவது வீல் ஜோடி நல்ல யோசனைதான், வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ட்ராக் போறவங்களுக்கு. நாலு நாளுக்கு அது வீண். ரேஸ் ரப்பர் ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கெட்டியாகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்தா, தேய்மானம் தெரியாது, ஓரம் பளபளன்னு இருக்கும், ஆனா பிடிப்பு போயிருக்கும். கண்ணுக்கு நல்லாத் தெரியுற டயர் பிடிக்காம விடுறது ரொம்ப ஆபத்து. பிரேக் டிஸ்க், ஸ்ப்ராக்கெட், ஏபிஎஸ் வளையம் எல்லாம் ரெண்டு ஜோடி வேணும்ங்கிறதையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

---

நீலச்சங்கிலி:

ரொம்ப நன்றி. ஹைப்பர்ஸ்போர்ட், 180/55, ஜோடியா மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ட்ராக் டே அடுத்த ஞாயிறு. சனிக்கிழமை மாத்தினா போதுமா? இன்னொண்ணு, பழைய பின்டயரின் வலது ஓரத்தில் ரப்பர் சொரசொரன்னு, விரல் வச்சா நுனி நுனியா நிக்குது. இது எதனால?

---

பேடாக்பக்கம்:

ஓரத்தைக் கிட்டத்துல, வெளிச்சத்தைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. ரப்பர் மெல்லிசா உருண்டு, குட்டிக் குட்டி மணி மாதிரி திரண்டு, மேல லேசா நீலம் படர்ந்திருந்தா அது சூட்டில் கிழிஞ்சது. நீலம் ரப்பருக்குள்ள இருக்கிற எண்ணெய் வெளியே வர்றது. லேசா இருந்தா கவலையில்லை. நிறைய இருந்தா டயர் தன் எல்லைக்கு மேல வேலை பார்த்திருக்கு. அதுக்கு மாறா விளிம்பு கூரா, ஆழமா, கத்தியால கீறினமாதிரி பிஞ்சு, பிஞ்ச துண்டு உருளாம அப்படியே நின்னா அது குளிரில் கிழிஞ்சது. மேல்பரப்பு இழுபடுது, உள்ளே இன்னும் விறைப்பா இருக்கு, அதனால பிஞ்சுக்குது. பெரும்பாலும் காத்து அதிகமா இருந்து டயர் சூடேறாத கேஸ். நீங்க 42ஓட இறங்கியிருந்தா ரெண்டாவதுதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

வெட்டோட ஒரு விளிம்பு உயர்ந்து மறு விளிம்பு தாழ்ந்து படிப்படியா இருந்தா அது டயர் பிரச்சினை இல்ல, சஸ்பென்ஷனின் ரீபவுண்ட் (அமுங்கின சஸ்பென்ஷன் திரும்ப விரியுற வேகம்) பக்கம் பார்க்கணும்.

---

ரிம்17:

சனிக்கிழமை வேண்டாம். புது டயரின் மேல்பரப்பு வழவழப்பா இருக்கும், அது தேய 100 முதல் 150 கிலோமீட்டர் சாதாரண ஓட்டம் தேவை, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே. இன்னொரு காரணம், ரிம்மில் ஏத்தும்போது தடவுற சோப்புத் தண்ணி காயாம இருந்தா, கடும் பிரேக்கில் டயருக்குள்ள ரிம் வழுக்கிச் சுத்தும். புதன்கிழமைக்குள்ள மாத்திடுங்க.

மாத்துற இடத்தில் நின்னு பாருங்க. வீலைக் கழட்டினதும் டிஸ்க் கீழே படும்படி தரையில் வைக்க விடாதீங்க. அம்புக்குறி சுத்துற திசையில் இருக்கணும். முன்டயரில் அம்பு மாறிப்போறது ரொம்ப சகஜம். டயரில் வர்ணப் புள்ளி இருந்தா அது வால்வ் பக்கம். காத்து ஏத்தினதும் ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும், ரெண்டு பக்கமும் சுத்திலும் ஒரே இடைவெளியில் தெரிஞ்சாத்தான் சரியா உட்கார்ந்திருக்கு. ரப்பர் வால்வைப் புதுசா மாத்தச் சொல்லுங்க. பின்வீல் கழண்டிருக்கும்போதே குஷ் ரப்பர் (ஸ்ப்ராக்கெட்டுக்கும் வீலுக்கும் இடையில அதிர்ச்சி தாங்குற ரப்பர்), பேரிங் ரெண்டையும் கையால அசைச்சுப் பார்த்துடுங்க.

திரும்ப மாட்டினதும் ஆக்சில் நட்டு டார்க் ரென்ச்சில், கையேட்டு அளவுக்கு. செயின் தளர்வு, பின்வீல் நேரா இருக்கான்னு மறுபடி ஒரு பார்வை. ஏபிஎஸ் சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையில் ஒண்ணும் உரசக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி முன் பிரேக் லீவரையும் பின் பிரேக் பெடலையும் விறைப்பு வர்ற வரைக்கும் அழுத்துங்க. பேடுகள் விரிஞ்சிருக்கும், முதல் அழுத்தத்தில் லீவர் கைப்பிடி வரைக்கும் போய்விடும், ரோட்டில் போய் அதைத் தெரிஞ்சுக்கக் கூடாது.

நடுவுல பஞ்சர் ஆச்சுன்னா, ஸ்ட்ரிப் (ஓட்டையில் சொருகி அடைக்கிற ரப்பர் பட்டை) வச்ச டயரோட ட்ராக்கில் இறங்காதீங்க, எவ்வளவு புதுசா இருந்தாலும் சரி.

கடைசியா, ஒரு வெள்ளை மார்க்கரால ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் ஒரே நேர்கோடு போட்டு வைங்க. ட்ராக்கில் முதல் செஷன் முடிஞ்சு வந்ததும் காத்து அளக்கும்போது அதையும் பாருங்க. ரெண்டு பாதியும் ஒரே நேரா இருந்தா சரி. விலகியிருந்தா ரிம் உள்ளே வழுக்கியிருக்கு, பேலன்ஸ் எடையும் இடம் தப்பியிருக்கு; கழட்டி, காய வச்சு, மறுபடி பேலன்ஸ் பண்ணின பிறகுதான் அடுத்த செஷன்.